என் மகளுக்கு லைக்ரா உடை: இந்த வெயிலில் போடலாமா, நானே தைக்கலாமா?

தையல்மிஷின் அம்மா, தங்கச்சிமடம்

எல்லோருக்கும் வணக்கம். தங்கச்சிமடத்தில் வீட்டிலேயே தையல் போடுகிறேன். ஜாக்கெட், சுடிதார், பள்ளிக்கூட யூனிஃபார்ம். வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். இப்போது தடைக்காலம் என்பதால் ஜூன் 14 வரை கரையில்தான் இருப்பார். வெளியூர் அலைய இந்த இரண்டு மாதம்தான் எங்களுக்கு வாய்க்கும். அதனால்தான் இப்போது கேட்கிறேன்.

எங்கள் மகளுக்கு ஆறரை வயது. பிறந்தவுடன் அழவில்லை. ஒன்றரை வயதில் சி.பி. என்றார்கள், அட்டையில் பெருமூளை வாதம் என்று எழுதியிருக்கிறது. விறைப்பு வகை இல்லை. நடு உடம்பு துவண்டுவிடும், கையும் கழுத்தும் தானாக முறுக்கும். டம்ளரை எடுக்க நினைத்தாலே போதும், வலது கை பின்பக்கம் திருகிக்கொண்டு போகும், விரல்கள் விசிறி மாதிரி விரியும். டிஸ்டோனியா என்கிறார்கள். எல்லாம் புரிகிற பிள்ளை. நான் துணி வெட்டும்போது அளவைத் தப்பாகச் சொன்னால் தலையாட்டிச் சிரிப்பாள்.

மிஷினுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைப்பேன். சரிந்துகொண்டே இருப்பாள். ஒரு நாள் பழைய துப்பட்டா ஒன்றை நீளவாக்கில் மடித்து, விலாவிலிருந்து இடுப்பு வரை அவள் உடம்பைச் சுற்றி ஊக்கு குத்தினேன். நாற்காலியோடு சேர்த்துக் கட்டவில்லை, உடம்பில் மட்டும்தான். அன்றைக்குத் தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனாள். கொஞ்சம் சிந்தியது, ஆனால் கொண்டுபோனாள். தற்செயலாக இருக்குமோ என்று ஒரு வாரம் எண்ணிப் பார்த்தேன். சும்மா உட்கார்ந்தால் பத்துக் கரண்டிக் கஞ்சியில் மூன்று, நாலு வாய்க்குப் போகும். துப்பட்டா சுற்றினால் ஆறு போகிறது.

மதுரையில் பார்க்கும் டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இதே எண்ணத்தில்தான் இழுத்தால் நீண்டு மறுபடி சுருங்கும் லைக்ரா துணியில் அளவெடுத்து உடை செய்கிறார்கள், டைனமிக் ஆர்த்தோசிஸ் என்று பெயர், உடம்பைப் பூட்டாமல் அசையவிட்டே பிடித்துக்கொள்ளும் என்றார். ஒரு பழைய உடுப்பைக் காட்டினார்கள். தையல்காரி என்பதால் கை சும்மா இருக்கவில்லை, உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். முதுகில் குறுக்காக இரண்டு பட்டை, மேலே இன்னொரு அடுக்கு. ஒரு பட்டையை இழுத்தால் நீளவாக்கில் வருகிறது, அகலவாக்கில் வர மறுக்கிறது. அடுத்த பட்டையில் நேர் எதிர். அதைத் தைத்தவருக்குத் துணியின் போக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

விலை கேட்டபோது பக்கென்றது. இரண்டு சீசனில் நாங்கள் மிச்சம் பிடிப்பதற்கு மேல். அப்புறம் பிள்ளை வளர வளர மாற்ற வேண்டுமாம்.

என் பயத்துக்கு இன்னொரு காரணம் உண்டு. நாலு வயதில் காலுக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்பிளிண்ட், அதாவது காலை நேராகப் பிடித்துக்கொள்ளும் உறை, செய்தோம். செய்த இடத்தின் பெயர் வேண்டாம். மாவுக்கட்டு போட்டு அச்சு எடுத்தார்கள், மூன்று வாரத்தில் கொடுத்தார்கள், போட்டுப் பார்த்தார்கள், அனுப்பிவிட்டார்கள். திரும்பி வாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. இங்கே எங்கே நடந்தாலும் மணல். வெல்க்ரோவில் மணல் ஏறி ஒட்டாமல் போனது, இறுக்கிக் கட்டினோம். பதினோராம் நாள் உள்கணுக்கால் எலும்பில் காசு அளவுக்குப் புண். அவளுக்கு வலிக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. முறுக்கல் கூடியதை நோயின் குணம் என்று நினைத்துக்கொண்டேன். அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

அதனால் கேட்கிறேன். மே மாதத்தில் காலை எட்டு மணிக்கே இங்கே உடம்பு பிசுபிசுக்கும், தகரக் கூரை வேறு. உடம்பை ஒட்டிய உடையை இந்தப் புழுக்கத்தில் போட்டால் பிள்ளை தாங்குவாளா? ஒன்றுக்கு, இரண்டுக்கு எப்படி? வாங்கினவர்கள் உண்மையில் எத்தனை நாள் போட்டீர்கள்? கடைசியாக, தப்பாக நினைக்காதீர்கள், இதை நானே தைக்கலாமா? லெகின்ஸ் துணி என்னிடம் இருக்கிறது, ஓவர்லாக் மிஷின் இருக்கிறது. ஜாக்கெட்டுக்கு உடம்பு அளவைவிடக் கொஞ்சம் கூட்டி வெட்டுவோம். இதற்கு எத்தனை இஞ்ச் குறைத்து வெட்டுவது என்று மட்டும் யாராவது சொன்னால் போதும்.

ஸ்பிளிண்ட் மேசை, மதுரை

அம்மா, பதினாறு வருடமாகக் குழந்தைகளுக்கு ஸ்பிளிண்ட் செய்கிறேன். ஒரு வாரம் கரண்டி எண்ணிய அம்மாவை இப்போதுதான் பார்க்கிறேன். அந்த மூன்று, நாலு, ஆறு கணக்கைப் பத்திரமாக வைத்திருங்கள். உடை வந்த பிறகு அது வேலை செய்கிறதா என்று சொல்லப்போவது அந்தக் கணக்குதான்.

உங்கள் வீட்டுக்காரரைக் கேளுங்கள். வலை இழுப்பதற்கு முன் இடுப்பில் துண்டை ஏன் இறுக்கிக் கட்டுகிறார்? துண்டு வலையை இழுக்காது. நடு உடம்பு நிலையாக நின்றால்தான் கைக்குப் பிடிமானம். உங்கள் துப்பட்டா செய்ததும் இதுதான். கூடவே இன்னொன்றும் நடந்திருக்கலாம். தோலிலும் தசையிலும் சீரான அழுத்தம் இருக்கும்போது, உடம்பு எங்கே இருக்கிறது என்ற சேதி மூளைக்குத் தெளிவாகப் போகும் என்பது இந்த உடைக்குப் பின்னால் உள்ள எண்ணம். 1990களிலிருந்தே ஆஸ்திரேலியா, பிரிட்டன் பக்கம் குழந்தைகளுக்கு இதைச் செய்துவருகிறார்கள். உங்கள் மகள் மாதிரி நடு உடம்பு துவண்டு, கை முறுக்கும் பிள்ளைகளுக்குத்தான் நாங்களும் முதலில் இதை யோசிப்போம். மூட்டு ஏற்கெனவே மடங்கி இறுகிப்போன பிள்ளைக்குத் துணியால் ஒன்றும் ஆகாது.

மறைக்காமல் சொல்கிறேன், இது நோயைத் தீர்க்காது. இதுவரை நடந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை சிறியவை. சில பிள்ளைகளுக்கு உட்காருவதும் கை நீட்டுவதும் நன்றாக மாறியிருக்கின்றன, சிலருக்கு மாறவில்லை. கழற்றினால் பலன் எவ்வளவு நிற்கும் என்பதும் பிள்ளைக்குப் பிள்ளை வேறு. அதனால் "போட்டால் சரியாகிவிடும்" என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

நீங்கள் தைப்பதைப் பற்றி. இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன், அதனால் நேராகவே சொல்கிறேன். அழுத்தம் தரும் உடையைத் தைக்க வேண்டாம். எத்தனை இஞ்ச் குறைப்பது என்பதற்கு ஒரே பதில் கிடையாது. துணி எவ்வளவு இழுவைக்கு எவ்வளவு திருப்பி இழுக்கிறது என்று பார்த்துத்தான் குறைக்கிறோம், அதுவும் இடத்துக்கு இடம் மாறும். வயிற்றில் குறைவாக, இல்லாவிட்டால் மூச்சு முட்டும், சாப்பிட்டது மேலே வரும். கைக்குத் தைக்கும்போது மணிக்கட்டுப் பக்கம் அழுத்தம் கூடுதலாகவும் தோள் பக்கம் போகப்போகக் குறைவாகவும் இருக்க வேண்டும். அது தலைகீழானால் ரத்தம் கீழேயே தேங்கி விரல் வீங்கும். லெகின்ஸ் துணியில் லைக்ரா நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில்தான் இருக்கும், மற்றதெல்லாம் பருத்தி. பத்து நாளில் முட்டி தொங்கிவிடுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். காலையில் ஒரு அழுத்தமும் சாயங்காலம் வேறு அழுத்தமுமாக இருந்தால் பிள்ளைக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

ஆனால் உங்கள் கைக்கு வேறு வேலை இருக்கிறது. ஜிப் எங்கே வர வேண்டும், எந்தத் தையல் அவள் உட்காரும் எலும்பில் அழுத்தும், இதையெல்லாம் அளவெடுக்கிற இடத்தில் நீங்கள் பேச வேண்டும். பெரும்பாலான பெற்றோருக்கு இது தெரியாது, எங்களில் சிலரே கவனிப்பதில்லை. உள்ளே போட மெல்லிய பனியன் துணியில் ஒரு உடுப்புத் தையுங்கள், தையல் வெளிப்பக்கம் வரட்டும். அது உங்களைவிட நன்றாக யாருக்கும் வராது.

போடத் தொடங்கும்போது முதல் நாள் ஒரு மணி நேரம் போதும். கழற்றியதும் உடம்பு முழுக்கப் பாருங்கள். சிவப்புத் தடம் இருபது, முப்பது நிமிடத்தில் மறைய வேண்டும். மறையாவிட்டால் அந்த இடத்தில் தப்பு இருக்கிறது, திருத்தச் சொல்லுங்கள், பிள்ளையைப் பழகச் சொல்லாதீர்கள். விரல் நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு நொடியில் நிறம் திரும்ப வேண்டும். அவளால் வலியைச் சொல்ல முடியாது என்பதால் இதெல்லாம் தினமும். காரணம் தெரியாமல் முறுக்கல் கூடினால் முதலில் உடையைக் கழற்றிப் பாருங்கள். வலி வந்தால் டிஸ்டோனியா கூடும். அந்தக் காலத்தில் உங்களிடம் அதைச் சொல்லி அனுப்பியிருக்க வேண்டியது ஸ்பிளிண்ட் செய்தவர்களின் கடமை. உங்கள் மேல் தப்பில்லை.

வலிப்பு அடங்காமல் இருக்கிறதா, மூச்சுத் தொந்தரவு உண்டா என்று எழுதவில்லையே? இருந்தால் டாக்டரிடம் பேசாமல் மேல் உடம்புக்கு எதுவும் போடக்கூடாது.

கீழக்கரை உம்மா

அக்கா, என் மகனுக்கு ஒன்பது வயது. இரண்டு காலும் இறுக்கம், நடை தள்ளாடும். ஏழு வயதில் கழுத்திலிருந்து முட்டி வரை ஒரே உடுப்பாகச் செய்து போட்டோம். நீங்கள் கேட்டதற்கெல்லாம் நான் பட்டதைச் சொல்கிறேன்.

வெயில் தாங்கவில்லை. முதல் வாரம் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு எல்லாம் வேர்க்குரு. கரண்ட் போனால் அழுதுவிடுவான். எட்டு மணி நேரம் போடச் சொல்லியிருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு நானும் அவனோடு மல்லுக்கட்டினேன். ஒரு மாதம் கழித்து எங்கள் பிசியோ அம்மாதான், "எட்டு மணி நேரம் அழுதுகொண்டு போடுவதைவிட மூன்று மணி நேரம் வேலை செய்துகொண்டு போடட்டும்" என்றார்கள். அதிலிருந்து சுபுஹு தொழுதுவிட்டு வந்து அவனைக் குளிப்பாட்டி, ஏழிலிருந்து பத்து வரை. சாப்பாடு, எழுத்து, நடை எல்லாம் அந்த நேரத்துக்குள். சாயங்காலம் காற்று வந்த பிறகு இன்னொரு தடவை. மழைக்காலத்தில் தானாகவே ஆறு மணி நேரம் வரை போனது.

உடம்புக்கு எண்ணெய் தேய்த்தால் அன்றைக்கு உடுப்பு வேண்டாம். வழுக்கும், அழுக்கும் பிடிக்கும். பச்சைத் தண்ணீரில் லேசான சோப்பு, முறுக்கிப் பிழியாமல் நிழலில் காயப்போடணும். பிளீச்சிங் பவுடர் பக்கமே கொண்டுபோகாதீங்க. எங்கள் ஊர்க் காற்றில் ஒரே நாளில் காயாது என்பதால் ஒன்றை வைத்துக்கொண்டு ஓட்டுவது கஷ்டம்.

இப்போது பெரிய விஷயம். அவன் படித்த பள்ளிக்கூடத்தில் இந்த உடுப்பைக் கழற்றிவிட யாரும் முன்வரவில்லை. பிள்ளை என்ன செய்தான் தெரியுமா? ஒன்றுக்கு வரக்கூடாதென்று பள்ளியில் தண்ணீரே குடிக்காமல் இருந்தான். எனக்கு அது தெரிவதற்குள் மலச்சிக்கல், அப்புறம் மூத்திரத்தில் கிருமி, காய்ச்சல். ஏழு வயதுப் பிள்ளை அப்படி யோசித்திருக்கிறான் என்று நினைத்தால் இப்பவும் நெஞ்சு அடைக்கிறது. அதனால் ஒரே உடுப்பாகச் செய்யவே செய்யாதீங்க அக்கா. இரண்டாவது தடவை மேலுக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று என்று தனித்தனியாகச் செய்தோம். உங்கள் மகளுக்கு மேலுக்கு மட்டும் போதுமா என்று கேளுங்க. காலுக்கும் சேர்த்து வாங்க வேண்டிய அவசியம் என்ன?

முதல் உடுப்பு எட்டு மாதத்தில் சின்னதாகிவிட்டது. பலன் உண்டா என்றால், உட்காருவதில் உண்டு, அல்ஹம்துலில்லாஹ். தரையில் கை ஊன்றாமல் உட்கார்ந்து இரண்டு கையாலும் விளையாடினான். நடைக்கு அது போதவில்லை. நடை திருந்தியது காலுக்குப் போட்ட மெல்லிய டைனமிக் ஸ்பிளிண்டால்தான். பாதத்தைச் சுற்றிப் பிடிக்கும், ஆனால் வளைந்துகொடுக்கும். பழைய தடி பிளாஸ்டிக்கில் அவன் மரக்கட்டை மாதிரி நடந்தான்.

கடற்கரை பிசியோ, ராமநாதபுரம்

மேலே இரண்டு பேரும் சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன்.

இடுப்பு மூட்டு எக்ஸ்ரே கடைசியாக எப்போது எடுத்தீர்கள்? தானாக நடக்காத சி.பி. பிள்ளைகளுக்கு இடுப்பு மெதுவாக நழுவும், முதலில் வலிகூட இருக்காது. எந்த உடையும் அதைத் தடுக்காது. அளவெடுக்கப் போகுமுன் அதைப் பார்த்துவிடுங்கள். இங்கே 2022ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, இதற்காக மதுரை போக வேண்டாம்.

பண விஷயம். அடையாள அட்டையில் பெருமூளை வாதம் என்று இருக்கிறதே, மாற்றுத்திறனாளிகளுக்கு மத்திய அரசு தரும் யு.டி.ஐ.டி. அட்டையும் வாங்கியாயிற்றா? நிரமயா காப்பீட்டில் சி.பி. பிள்ளைக்கு வருடம் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு வழி உண்டு, சிகிச்சைப் பயிற்சிக்கும் சேர்த்து. உபகரணத்துக்கு ஏடிப் என்று தனித் திட்டம். லைக்ரா உடை அதில் வருமா என்று நீங்களாக முடிவு கட்டாமல், டாக்டர் எழுதிய சீட்டோடு கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள்.

கடலோரத்தில் இருக்கும் மற்ற பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கைக்குச் செய்யும் வெள்ளை ஸ்பிளிண்டைத் தகரக் கூரைக்கு அடியிலோ பூட்டிய வேனிலோ விடாதீர்கள். அது வெந்நீரில் இளக்கி வளைக்கிற பிளாஸ்டிக், வெயில் சூட்டிலேயே கோணும். கால் ஸ்பிளிண்டை மூட்டு வைத்துச் செய்தால் இரும்பு மூட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள், உப்புக்காற்றில் துரு ஏறும். வளையும் பிளாஸ்டிக் மூட்டு கிடைக்கிறது. வெல்க்ரோவில் மணல் ஏறினால் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தினமும் தட்டி எடுங்கள், அதற்காக இறுக்கிக் கட்டாதீர்கள்.

தையல்மிஷின் அம்மா, தங்கச்சிமடம்

எல்லோருக்கும் கோடி நன்றி. இரண்டு நாளாக நானும் அவரும் இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறோம். துண்டு விஷயத்தை அவரிடம் கேட்டேன். "அது கட்டலன்னா கை தளர்ந்துரும்" என்றார். அப்புறம் மகளைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார்.

வலிப்பு மூன்று வயதோடு நின்றுவிட்டது, மருந்தும் நிறுத்தியாயிற்று. மூச்சுத் தொந்தரவு இல்லை. இடுப்பு எக்ஸ்ரே எடுத்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. திங்கட்கிழமை ராமநாதபுரம் போய் எடுத்துவிடுகிறோம்.

கீழக்கரைத் தங்கச்சி, உங்கள் பிள்ளை தண்ணீர் குடிக்காமல் இருந்ததைப் படித்துவிட்டு நான் மிஷினை நிறுத்திவிட்டேன். என் மகளும் அப்படிச் செய்யக்கூடியவள்தான். மேலுக்கு மட்டும் என்று முடிவு செய்துவிட்டோம். டாக்டரிடம் போனில் கேட்டேன், வலது தோளும் நடு உடம்பும் பிடித்தால் முதலில் போதும் என்றார். விலையும் பாதிக்குக் கீழே வருகிறது. நானே அழுத்த உடை தைக்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன் அண்ணே. மணிக்கட்டு, தோள் அழுத்தக் கணக்கைப் படித்ததும் பயம் வந்துவிட்டது. எனக்குத் தெரியாமல் அவள் விரலை வீங்க வைத்திருப்பேன்.

நேற்று ராத்திரி உள்ளே போடும் உடுப்பு இரண்டு தைத்தேன். பனியன் துணி, கை இல்லாதது, தையல் வெளிப்பக்கம், அக்குளில் தையலே வராமல் துணியை மடக்கி வெட்டினேன். போட்டுவிட்டதும் தடவித் தடவிப் பார்த்தாள்.

புதன்கிழமை அளவெடுக்க மதுரை போகிறோம். பாம்பன் பாலத்தில் ரயில் இல்லாத இரண்டு வருடத்துக்கு மேல் இவளை மடியில் போட்டுக்கொண்டு பஸ்ஸில்தான் போனேன், போய்ச் சேர்வதற்குள் முறுக்கி முறுக்கிக் களைத்துவிடுவாள். இப்போது விடியற்காலை ரயிலில் படுக்கவைத்துக் கூட்டிப்போகலாம்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. முன்பக்கம் நடுவில்தான் ஜிப் வைப்பார்களாம். அவள் தூங்கும்போதும் களைத்துப்போனாலும் வலது பக்கமாகவே ஒருக்களித்துப் படுப்பாள். மடியில் கவிழ்த்துப் போட்டுத்தான் நான் முதுகு தடவிவிடுவேன். நடுவில் ஜிப் இருந்தால் நெஞ்செலும்பில் அழுத்தும். இடது பக்கம், விலாவோரமாக வைக்கச் சொல்லலாமா? பட்டைகளின் இழுவை கெட்டுப்போகுமா?

ஸ்பிளிண்ட் மேசை, மதுரை

வைக்கலாம் அம்மா. குறுக்குப் பட்டை முடிகிற இடத்துக்கு ஒரு இஞ்ச் முன்னால் ஜிப் வந்தால் இழுவை கெடாது. உள்பக்கம் ஒரு மடிப்புத் துணி வையுங்கள், தோலைக் கடிக்காது. அளவெடுப்பவர் மறுத்தால் அவரிடம் ஒரு பேப்பரில் வரைந்து காட்டுங்கள். துப்பட்டாவையும் கையோடு கொண்டுபோங்கள். எந்த உயரத்தில், எவ்வளவு இறுக்கமாகச் சுற்றினீர்கள் என்று அவர்கள் கண்ணால் பார்க்கட்டும்.